மாமாவுக்கு இரண்டாவது கடிதம்

மாமாவுக்கு,

துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டீர்கள் என்று செவ்வாய்க்கிழமை அத்தை போனில் சொன்னார். தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோய் வைத்து ரசீது வாங்கி வருவீர்களே, அப்படி இல்லையாம்; இனி லைசென்ஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். வீட்டுக்கு வந்தபின் குழல் துடைக்கிற எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் படிப்பதில்லை. பேத்தி படித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். கண்ணு, தாத்தா நடுவில் போதும் என்றாலும் முழுசாகப் படித்துவிடு.

1986-ல் உங்கள் மேல் போன மொட்டைக் கடிதம் நான் எழுதியது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வேறு பலரும் படிக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லப்போவதில்லை. வந்தவர்கள் தேடியது கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன், யாரும் உங்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எழுதியது யார் என்று நீங்கள் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. அதுதான் இத்தனை வருடமாக என்னை அரித்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ‘வாயில்லா ஜீவன்களை வதைத்து வருகிறார்.’ சுடுகிறார் என்று எழுதியிருக்கலாம், வேட்டையாடுகிறார் என்று எழுதியிருக்கலாம். வதைக்கிறார் என்று எழுதினேன். வதைத்தது யார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

1970 மே மாதம், ஏற்காடு மலையில் உங்கள் நாகலூர் வீட்டுப் பின்புறம். எனக்கு ஒன்பது வயது. அத்தையின் சீமாறில் ஒரு ஈர்க்கை உருவி, நுனியில் சுருக்குப் போட்டு, சில்வர் ஓக் மரத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணானைப் பிடித்தேன். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் ஓணானைக் கொன்றால் புண்ணியம். சேலத்தில் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் இது பாடம். அம்மாயியின் மூக்குப்பொடி மட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் வாயில் போட்டேன். அது சுற்றிச் சுற்றி ஆடியது. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே வரவில்லை. நான் சிரித்தேன். அப்புறம் கல்லால் ஒரு பின்னங்காலை நசுக்கினேன், மூன்று காலில் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று. கழுத்துச் சிவப்பு வடிந்து உடம்பெல்லாம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. ஈர்க்கு இன்னும் என் கையில்தான் இருந்தது.

நீங்கள் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. தோளில் துப்பாக்கி, வெறுங்கை. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“இதைத் தின்னப் போறியா மாப்ளே?”

இல்லை என்றேன். ராமர் கதையைச் சொன்னேன்.

“ராமர் உங்கிட்ட வந்து கேட்டாரா?”

பிறகு ஒரு கல்லைத் தேடி எடுத்து என் கையில் வைத்தீர்கள். “ஆரம்பிச்சது நீ. நீயே முடி. தலையில, ஒரே அடி.”

கை நடுங்கியதால் முதல் அடி தப்பியது. இரண்டாவதில்தான் அடங்கியது. காப்பிச் செடி ஓரமாகக் குழி தோண்டச் சொன்னீர்கள், தோண்டினேன். அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்காக உங்களைக் கும்பிட வேண்டும் என்று பல முறை நினைத்திருக்கிறேன். அதே அளவுக்குக் கோபமும் உண்டு. ஒன்பது வயசுப் பையன், மாமா. நீங்களே முடித்துவிட்டு எனக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம். அந்த முதல் அடி தப்பிய சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. இதுவும் ஒரு வதைதான் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

மறு வருடம் என்னையும் காட்டுக்குள் கூட்டிப்போனீர்கள். கேளையாட்டு மானின் மேல் உங்கள் குறி தப்பிய இரவு அது. டார்ச்சை அடித்துக்கொண்டு காப்பி இலைகளில் ரத்தச் சொட்டைத் தேடித் தேடி, விடியும்போது ஓடையோரம் கண்டுபிடித்தோம். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு நொடியும் காக்க வைக்கவில்லை. ‘என் கை தப்பிடுச்சு’ என்று அம்மாயியிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆடி வரை துப்பாக்கியைத் தொடவில்லை. சினையைச் சுட மாட்டீர்கள், தண்ணீருக்கு வந்ததைச் சுட மாட்டீர்கள், மாசியிலிருந்து வைகாசி வரை காட்டுக்கோழி பக்கமே திரும்ப மாட்டீர்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, கூடவே நடந்து தெரிந்துகொண்டேன்.

வாழப்பாடிப் பக்கம் பொங்கல் முடிந்து வங்காநரி ஜல்லிக்கட்டு நடத்துவார்களே, அப்பா நம் எல்லோரையும் கூப்பிட்டார். வலை போட்டு நரியைப் பிடித்து, வாயைக் கட்டி, காலில் கயிறு போட்டுக் கோயிலைச் சுற்றி ஓடவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் யோகம். நீங்கள் வர மறுத்தீர்கள். “அதோட வாயைக் கட்டிட்டு நாம கத்தறதா” என்றீர்கள். நான் போனேன். கட்டிய வாயோடு அது மூச்சுவிட்டதைப் பார்த்தபோது எனக்குப் பொடி மட்டைதான் நினைவுக்கு வந்தது. இப்போது வனத்துறை தடை செய்து அபராதம் போடுகிறது. நல்லது.

காட்டுயிர்ச் சட்டம் 1972-ல் வந்தது. 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள், செய்யவில்லை என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்தச் சட்டம் சரி என்றுதான் இன்றும் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரியில் ஜீப்பில் ஸ்பாட்லைட்டோடு மலையேறி, சினை, குட்டி என்று பார்க்காமல் சுட்டவர்களை நீங்களே திட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஒருவருக்காக ஒரு சட்டம், அவர்களுக்காக ஒரு சட்டம் என்று எழுத முடியாது. 2025 ஜனவரியில்கூட, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைக்காரர்கள்தான் சுடலாம் என்றார்கள், விவசாயி இல்லை. கிழங்கையெல்லாம் பன்றி தோண்டிப்போட்டபோது வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே வந்தீர்களாம். அத்தை சொன்னார்.

ஆனால் நான் கடிதம் எழுதியது சட்டத்துக்காக என்று சொன்னால் அது பொய். பாதிதான் அது. மீதிப் பாதி அந்த வருடம் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்த பேச்சு. அதை எழுதினால் இன்னொருவர் பெயர் வரும்; அவர் நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். நீங்கள் முடியாது என்று சொன்ன விதம் என்னைச் சுட்டது. உங்களை எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே அடித்தேன், அதுவும் பெயர் போடாமல். இந்த முறை நான்தான் என்று சொல்லியே எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள், மாமா.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் அந்தக் கடிதம் போனது. தைப் பொங்கலுக்கு வழக்கம்போல மலையிலிருந்து ஒரு மூட்டை ஆரஞ்சு வந்தது. எப்போதும் மூட்டையின் மேல் அப்பா பெயர்தான் இருக்கும். அந்த வருடம் உங்கள் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. ஏன்?

உங்கள் அக்கா மகன்