மருந்து கவர் மேல ரெண்டு வரி எழுதிக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். குடியாத்தத்துல இருந்து எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர். போன மாசம் டாக்டர் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், காலைல டிபனுக்கு முன்னாடி ஒன்னுன்னு சீட்டுல தெளிவாதான் எழுதியிருந்தாரு. மெடிக்கல்ல 1 மில்லிகிராம் ஸ்டாக் இல்லன்னு கவுன்ட்டர் பையன் 2 மில்லிகிராம் அட்டைய எடுத்துக் குடுத்து, பாதியா உடைச்சு போட்டுக்கோங்கம்மான்னு வாயால சொல்லி அனுப்பியிருக்கான், அந்த கூட்டத்துல அது அம்மா காதுலயே விழல. நாலு நாள் முழு மாத்திரையா போட்டாங்க. அஞ்சாவது நாள் பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அடுப்பாண்டையே உக்காந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து சர்க்கரை தண்ணி கரைச்சு குடுத்தாங்க, மெஷின்ல பாத்தா சுகர் 52-க்கு இறங்கியிருந்துச்சு.

அந்த பையன் மேல எனக்கு கோவம் இல்ல. அவன் பார்மசி படிச்சவன் கிடையாது. படிச்சவரோட சர்ட்டிபிகேட் சுவத்துல தொங்குது, ஆளைத்தான் காணோம். சீட்டு மருந்த பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டே குடுக்கணும், இல்லன்னா அவர் நேர்ல நின்னு பாக்க குடுக்கணும்னு 1945 மருந்து விதியிலயே இருக்குது. ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தாதான் விக்கணும்ங்குற பட்டியல்ல இருக்குற மருந்துன்னா சீட்டுல இருக்குறதுக்கு பதிலா வேற ஒன்ன கடைக்காரரா மாத்திக் குடுக்கவும் கூடாது. ஸ்டாக் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, இல்ல டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேளுங்க, அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா?

செபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் ஷெட்யூல் எச்1, அதாவது இன்னும் கண்டிப்பான பட்டியல், 2014 மார்ச்சுல இருந்து அதுக்கு தனி ரிஜிஸ்டர் போட்டு டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தன மாத்திரைன்னு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். ஆனா காய்ச்சல்னு போய் நின்னா சீட்டே இல்லாம நாலு மாத்திரை வெட்டி கையில குடுத்துடுறாங்க, அதுவும் எக்ஸ்பைரி தேதி இருக்குற பக்கத்தையே வெட்டி. அந்த பக்கத்த கடைசி வரைக்கும் விட்டு வெச்சா என்ன?

வேலூர் காந்தி ரோட்டுல பாருங்க, வைத்தியத்துக்கு மேற்கு வங்காளம், ஜார்கண்ட்ல இருந்து வந்து லாட்ஜ்ல தங்கியிருக்குற ஜனங்க எவ்ளோ பேரு. கடை பசங்க பெங்காலியே பேசி வியாபாரம் பண்றாங்க, உண்மையிலயே பெரிய திறமைதான். ஆனா ஊர் திரும்பி ரயில் ஏறிட்டாங்கன்னா எந்த மாத்திரை எப்போன்னு யார கேப்பாங்க? வாயால சொன்னது கூட வராது, கவர் மேல எழுதினதுதான் வரும்.

கடைக்காரங்கள கும்பிட்டு கேக்குறேன். அட்டைய சீட்டு பக்கத்துல வெச்சு பேரு, மில்லிகிராம் ரெண்டையும் ஒரு தடவ ஒத்துப் பாருங்க. வேற மாத்திரை சாப்பிடுறீங்களா, ஏதாவது அலர்ஜி இருக்குதான்னு ஒரு வார்த்த கேளுங்க. கவர் மேல காலை, ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்ன பின்னன்னு பெருசா எழுதுங்க, வயசானவங்களுக்கு பொடி எழுத்து தெரியாது.

மருந்துக் கடைய சோதிக்கிற டிரக் இன்ஸ்பெக்டருங்க காலைல கடை காலியா இருக்கும்போது வராம, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூட்டம் நிக்கும்போது வந்து, பார்மசிஸ்ட் எங்கன்னு கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்