நிறுத்தலாம், தூங்கக்கூடாது

நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் எனக்குப் பேச இரண்டு நிமிடம் கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில் பேசினேன். நான் கொஞ்சம் இழுத்துப் பேசுகிறவன். விஷயத்துக்கு வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. டிரெய்லரில், அதாவது இழுத்துப்போகும் வீட்டு வண்டியில், குடியிருப்பது பற்றி நீங்கள் எழுதிவரும் வரைவு விதியைப் பற்றித்தான் பேச வந்தேன். மிச்சத்தை என் மொழியிலேயே எழுதிவிடுகிறேன். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, சரி. ஆனால் உங்கள் ஊர் மருத்துவமனையிலும் மென்பொருள் அலுவலகங்களிலும் தமிழ் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஓட்டும் இருக்கிறது. யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை, சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை என்பதால்.

என் மனைவி டிராவல் நர்ஸ். அமெரிக்காவில் ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளுக்கு 13 வார ஒப்பந்தத்தில் போய் வேலை பார்ப்பவர். 13 வாரத்துக்கு வீடு வாடகைக்குத் தருகிறவர்கள் குறைவு. தந்தாலும் ஹோட்டல் விலை. அதனால் 2009-இல் செய்த 24 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கி, நான்கு வருடமாக அதில்தான் குடித்தனம். ஆர்வி பார்க்கில் (இப்படிப்பட்ட வண்டிகளுக்கு வாடகைக்கு இடம் தரும் மைதானம்) போய் இருக்கலாமே என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல பார்க்குகளில் பலவற்றில் பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் வாசலிலேயே கைவிரித்துவிடுவார்கள். சேர்த்துக்கொள்ளும் பார்க் உங்கள் ஊரிலிருந்து 40 நிமிடம், நெடுஞ்சாலை ஓரம். 12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்து, பனியில் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருவதை நான் ஒரு ஒப்பந்தம் முழுக்கப் பார்த்துவிட்டேன். போதும்.

ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கு முன்னாலும் ஊர் தேடுவது என் வேலை. சம்பளம், குளிர், பக்கத்தில் அரிசி பருப்பு கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் நகரத்தின் திட்ட அலுவலகத்துக்கு ஒரு போன். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “வீட்டுக்காரர் சம்மதத்தோடு அவர் கொல்லையில் டிரெய்லரை நிறுத்தி அதில் குடியிருக்கலாமா?” பெரும்பாலும் வரும் பதில்: “நிறுத்தலாம். தூங்கக்கூடாது.” காலியாகக் கிடந்தால் அது வண்டி, உள்ளே ஒருத்தர் படுத்தால் குற்றம். சில ஊர்களில் விருந்தாளி என்று சொல்லி இரண்டு வாரம் இருக்கலாம். மோட்டார் ஹோம்காரர்களாவது (எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக உள்ளவர்கள்) தெருத் தெருவாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். இழுக்கும் வண்டியைக் கழற்றிவிட்டுத் தெருவில் நிற்கும் டிரெய்லரைப் பல ஊர்களில் ஒரு மணி நேரம்கூட விடமாட்டார்கள். எங்களுக்கு யாராவது ஒருவரின் கொல்லைதான் கதி.

உங்கள் அலுவலகம் சொன்ன பதில் வேறு: “புகார் வராத வரை பிரச்சினை இல்லை.” அதை நான் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டேன். அது என் தப்பு.

நாங்கள் இருந்தது கணவரை இழந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டுப் பின்பக்கம். மாத வாடகையோடு, அவர் வீட்டு வாசலில் பனி அள்ளுவதும் என் பொறுப்பு. மின்சாரம் அவர் கராஜிலிருந்து ஒரே ஒரு 15 ஆம்பியர் இணைப்பு. அதாவது 120 வோல்ட்டில் 1,800 வாட். ஹீட்டர் மட்டுமே 1,500 தின்றுவிடும். 550 வாட் மிக்சியைப் போட்டால் அடுத்த நொடி இருட்டு. காலையில் சட்னி அரைக்க ஹீட்டரை அணைப்பது, அரைத்து முடித்ததும் கை உறையுமுன் மறுபடி போடுவது என்று பழகிவிட்டோம். முதல் வாரம் பழகாமல் இரண்டு தடவை ஃபியூஸ் பெட்டிக்குப் போக, இருட்டில் அந்த அம்மாவின் கராஜில் தடவிக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை அவரே டார்ச்சோடு வந்தார். “இன்றைக்கும் சட்னியா?” என்றார்.

கழிவு விஷயத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு, வீட்டுச் சாக்கடைக் குழாயில் அடைப்பு எடுப்பதற்காக இருக்கும் வாயில் சரியான பொருத்தி போட்டு, மூன்று அங்குல ஹோஸை அதில் முடுக்கி இணைத்தோம். இதற்கு அனுமதிச் சீட்டு வாங்கக் கேட்டபோது, குடியிருக்கவே அனுமதி இல்லாத வண்டிக்கு எப்படி இணைப்புச் சீட்டு தருவது என்றார்கள். தப்பாகச் செய்ய ஆயிரம் வழி இருந்தது. ஒழுங்காகச் செய்யத்தான் வழியில்லை.

பதினோராம் வாரம் ஒரு மஞ்சள் தாள், கதவில் நீல டேப்பில் ஒட்டியிருந்தது. புகார் வந்திருக்கிறது, பத்து நாளில் காலி செய்யவும். என் மனைவிக்கு இன்னும் இரண்டு வாரம் வேலை பாக்கி.

புகார் கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டியின் கழிவுத் தொட்டியைத் தெருவோரம் திறந்துவிட்டுப் போன ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். என் வீட்டுப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் வந்து நின்றால் எனக்கும் முதலில் அந்த நினைப்புதான் வரும். நான் குறை சொல்வது உங்கள் ஏற்பாட்டை. விதியை நீங்கள் எழுதாமல் விட்டால், அதை எழுதுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு எங்களைப் பிடித்தால் சட்டப்படி, பிடிக்காவிட்டால் சட்டவிரோதம். லாஸ் ஏஞ்சலஸில் வண்டியை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதைத் தெருக்களில் தடுத்த 1983-ஆம் வருடச் சட்டத்தை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணமும் கிட்டத்தட்ட இதேதான்: எது குற்றம் என்று யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியவில்லை, அதனால் அதிகாரிகள் இஷ்டப்பட்டவர்கள் மேல் பாய முடிந்தது. அது பொது இடத்தைப் பற்றிய வழக்கு, எங்கள் கொல்லைக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் நோய் ஒன்றுதான்.

மத்திய அரசின் வரையறையே டிரெய்லரை நிரந்தர வசிப்பிடமாகக் கருதவில்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னார். உண்மை, 2018-இல் வந்த வரையறை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எந்த வண்டிகள் தொழிற்சாலையில் செய்யும் வீடுகளுக்கான விதிகளுக்குள் வராது என்று பிரிப்பதற்கு எழுதியது அது. அதில் யார் எத்தனை நாள் படுக்கலாம் என்பது ஊர்களின் கையில்தான் இருக்கிறது.

ஊர்கள் செய்தும் இருக்கின்றன. போர்ட்லாந்து 2021-இல் வீடு உள்ள மனையில் ஒரு டிரெய்லரில் குடியிருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. உள்ளே கழிவறை, சிங்க் இருந்தால் சாக்கடை இணைப்பு வேண்டும். ஃப்ரெஸ்னோ 2016-லேயே சக்கரம் வைத்த சிறு வீடுகளுக்குக் கதவைத் திறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2019-இல். அந்த இரண்டும் எங்களுக்கு உதவாது. பார்க்க வீடு மாதிரி இருக்க வேண்டும், அடிப்பாகம் வெளியே தெரியக்கூடாது, வெளிச்சுவர் தகரமாக இருக்கக்கூடாது. எங்கள் வண்டிக்குச் சேலை கட்டிவிட்டாலும் தேறாது. உங்கள் வரைவைப் படித்தேன். அது அந்த இரண்டு ஊர்களின் பக்கம் சாய்வதாகத் தெரிகிறது. தயவுசெய்து போர்ட்லாந்து பக்கம் சாயுங்கள். அழகைப் பார்க்காதீர்கள், சாக்கடையைப் பாருங்கள். ஆள் அனுப்பிச் சோதியுங்கள், கட்டணம் வாங்குங்கள், மின் இணைப்பு 30 ஆம்பியர் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள் (சட்னிக்கும் நல்லது). முடியாது என்றால் அதையும் எழுத்தில் போட்டுவிடுங்கள். ஒரு போனில் தெரிந்துகொண்டு வேறு ஊர் பார்ப்போம்.

என் மனைவிக்கு அடுத்த ஒப்பந்தத்துக்கு மூன்று ஊர்களிலிருந்து அழைப்பு. அதில் உங்கள் ஊரும் ஒன்று; அதே மருத்துவமனை, அதே வார்டு. அந்த அம்மா போன வாரம் போன் செய்து, கொல்லை காலியாகத்தான் கிடக்கிறது என்றார். மருத்துவமனைக்கு வரும் 20-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வாக்கெடுப்பு 27-ஆம் தேதி. ஒரு வாரம் முன்னால் நடத்த முடியுமா?

இப்படிக்கு,
கொல்லையில் 12 வாரம் இருந்தவன்