ஒரு பிடி மண் கேட்டிருந்தீர்கள்

நேவாத்தீம், இஸ்ரேல்,
2022 நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை அம்மா மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் கடிதம். பணம் இந்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். ஏஜெண்ட் கடனில் இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி.

லீவுக்கு வரும்போது புண்ணிய பூமியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். அம்மச்சியிடம் சொன்னேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுகிறேன். 1954-ல் பத்து வயதில் கொச்சிப் பக்கமிருந்து வந்தவர். அந்த வருஷம் வந்த கொச்சி யூதர்கள் குடியேறிய ஊர் இது. அவர் மலையாளத்தில் பேசுவார், நான் நம்ம மார்த்தாண்டத்துத் தமிழில் பதில் சொல்வேன், ஒரு குழப்பமும் வராது.

அம்மச்சி சிரித்துவிட்டார். வெளிநாட்டில் சாகும் யூதர்களுக்கு இந்த மண்ணில் கொஞ்சம் சவப்பெட்டிக்குள் தூவுவது வழக்கமாம். "நின்டெ அப்பனுக்கு இப்பவே எதுக்கு மோளே?" என்கிறார்.

நீங்கள் நினைக்கிற மாதிரி மண் இல்லை அப்பா இது. நம்ம செம்மண் போலக் கையில் ஒட்டாது. கோதுமை மாவு நிறம், மாவு போலவே பறக்கும். மழை விழுந்தால் மேலே ஏடு கட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் ஓட்டிவிடும். பக்கத்தில் பேர்ஷெபாவில் வருஷத்துக்கு மொத்தமே சுமார் 200 மில்லிமீட்டர் மழை. நமக்குச் சில வருஷம் ஐப்பசி ஒரு மாதத்திலேயே அதைவிடக் கொட்டும்.

இதையா ஆசீர்வாதமான பூமி என்கிறீர்கள் என்று அம்மச்சியிடம் கேட்டேவிட்டேன். பைபிளில் உபாகமம் 11-ஐப் பார்க்கச் சொன்னார். எகிப்தில் காலால் நீர் பாய்ச்சினீர்கள், இதுவோ வானத்து மழையைக் குடிக்கும் தேசம் என்று வருகிறதே, அந்த இடம். வாழைக்குத் தண்ணீர் விடும்போது நீங்கள் சேற்றைக் காலால் தள்ளி மடையை அடைப்பீர்களே, எகிப்துக்காரனும் அப்படித்தான் செய்திருப்பான் போல. ஆறு இருப்பவன் குனிந்து மடையைப் பார்ப்பான், ஆறு இல்லாதவன் நிமிர்ந்து மேலே பார்த்துத்தான் ஆகவேண்டும். அந்தப் பார்வைதான் ஆசீர்வாதம் என்பது அம்மச்சி கட்சி. எனக்கு முழுக்க ஒப்பவில்லை. இங்கே திரும்பின பக்கமெல்லாம் சொட்டுநீர்க் குழாய்தான். வேலிக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் பெடூயின் அரபிகள் இருக்கிறார்கள். இதே மண்ணைப் பற்றி அவர்களும் ஒரு கதை சொல்வார்கள். அதை நான் அம்மச்சியிடம் கேட்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. கூடாரப் பண்டிகை முடிந்தவுடனேயே இவர்கள் மழை கேட்டு ஜெபிக்கத் தொடங்குவதில்லை. பதினைந்து நாள் பொறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் பண்டிகைக்கு எருசலேம் வந்தவர்களில் ஆகத் தொலைவிலிருந்து வந்தவன் திரும்பிப்போய் ஐப்பிராத்து நதியை எட்டும்வரை வழியில் நனையக்கூடாதாம். அந்தப் பயணிகள் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, கணக்கு மட்டும் மாறவில்லை. போன திங்கள் சாயங்காலம்தான் அம்மச்சி ஜெபத்தில் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொன்று, போன செப்டம்பரில் முடிந்த ஏழாம் வருஷம், அதாவது ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வருஷம். லேவியராகமம் 25-ல் வாசித்திருப்பீர்கள்: உழக்கூடாது, விதைக்கக்கூடாது, கிளை நறுக்கக்கூடாது. கொல்லையில் ஒரு எலுமிச்சை நிற்கிறது. வருஷம் முழுக்க அம்மச்சி கேட்டைக் கயிற்றால் திறந்தபடியே கட்டி வைத்திருந்தார், யார் வேண்டுமானாலும் வந்து பறித்துக்கொள்ளலாம் என்று. நான் ஒருநாள் பிழிந்த தோலைக் குப்பையில் போட்டுவிட்டேன். வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வசவு வாங்கினதில்லை. அந்த வருஷத்துப் பழம் புனிதமாம். தோலுக்கென்று தனியாக ஒரு டின். அதில் தானாக அழுகின பிறகுதான் குப்பைக்குப் போகும்.

"ஒரு பூ, ஒரு போகம், வயலைச் சும்மா போட்டாலே சொசைட்டிக் கடனை எவன் கட்டுவான்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் கேள்வி அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது, ஆறாம் வருஷம் மூன்று வருஷத்துக்கு விளையும் என்று பதிலும் இருக்கிறது. அப்படி விளைந்ததா என்று அம்மச்சியின் மகனிடம் கேட்டேன், தோளைக் குலுக்கினார். பலபேர் அந்த ஒரு வருஷத்துக்கு நிலத்தை யூதரல்லாத ஒருவருக்குக் காகிதத்தில் விற்றுவிட்டுப் பயிர் வைக்கிறார்கள். 1889 வாக்கிலேயே தொடங்கிய ஏற்பாடாம், இதை ஏற்காத ரபிகளும், அதாவது யூத மதகுருக்களும், உண்டு. எனக்கு அது வக்கீல் வேலையாகத்தான் படுகிறது. கடன் இருப்பவன் வேறென்ன செய்வான் என்றும் தோன்றுகிறது.

மண் எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்துவிட்டேன். பதிலுக்கு அம்மச்சி ஒரு மட்டி வாழைக் கன்று கேட்கிறார். ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள் என்றால் கேட்பதில்லை. வைத்த மரத்தில் முதல் மூன்று வருஷம் பழம் தின்னக்கூடாது என்பது இவர்கள் சட்டம். அதைச் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். வாழை அவர்கள் கணக்கில் மரமே இல்லையாம், செடிதானாம், முதல் குலையையே தின்னலாமாம். எழுபத்தெட்டு வயதில் அதையும் விசாரித்து வைத்திருக்கிறார்.

கும்பப்பூ நெல் நட்டாச்சா? எழுதுங்கள்.

உங்கள் மகள்