நீ விற்கச் சொன்ன பெட்டிகள்

நிஷி கசாய், டோக்கியோ
2025 நவம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் தம்பியும் நலம். இன்று பண்பாட்டு நாள் விடுமுறை என்பதால் அப்பா வீட்டில் இருந்தபடி புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் வீடு மாறுவதற்காக உன் அறை அலமாரியில் இருந்தவற்றைப் பட்டியல் போட்டு உனக்கு அனுப்பியிருந்தேன் அல்லவா? ஜப்பானியப் பாட்டுக் குழுவான அராஷியின் இருபதாம் ஆண்டுத் தொகுப்புப் பெட்டிகள் மூன்றையும் பழைய சிடி வாங்கும் கடையில் போட்டுவிடும்படியும், அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் பதில் எழுதியிருந்தாய். நான் எதையும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று எனக்கு இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டுவிட்டேன்.

2019 ஜூன் 26, புதன்கிழமை. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், பல மாதப் பகுதிநேர வேலைச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய மூன்று பெட்டிகளை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ வீட்டுக்குள் வந்தாய். முதல் பதிப்பில் இரண்டு வகை, சாதாரணப் பதிப்பு ஒன்று. மூன்றிலும் பாட்டுகள் அவைதாம், கூடவே வரும் இணைப்புகள்தாம் வேறு என்று நீயே விளக்கினாய். இரவு உணவுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் சிறு புத்தகம் ஒன்றை விரித்து, கையில் பென்சிலோடு நீ குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, செலவுக் கணக்குத்தான் எழுதுகிறாய் என்று நினைத்தேன். "ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் பாட்டுகளையே மறுபடியும் மூன்று தடவை வாங்கி வருவதற்கா அப்பா இந்த ஊரில் ராப்பகலாய் உழைக்கிறார்?" என்று கேட்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாய். அதன் பிறகு அந்தப் பாட்டுகள் நம் வீட்டில் வாய்விட்டு ஒலித்ததே இல்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நீ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே என்று செப்டம்பரில் தொடங்கினேன். அடுக்களையில் இருக்கும் பழைய ரேடியோவில் சிடி போடும் வசதி இன்னும் வேலை செய்கிறது. நான்கு தட்டுகள், 64 பாட்டுகள். ஒரு மாலைக்கு நான்கைந்து பாட்டு வீதம், ஒன்றையும் தாண்டாமல், அச்சிட்டிருக்கும் வரிசையிலேயே கேட்டேன். முதல் பாட்டு 1999 நவம்பர் 3 அன்று வந்தது என்பதையும், இன்று அதே தேதி என்பதையும் உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஹோனலுலு கடலில் ஒரு கப்பலில் வைத்து குழுவின் ஐவரும் உலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டபோது ஓனோவுக்கு 18 வயது, சகுராய்க்கு 17, ஐபா, நினோமியா, மட்சுமோட்டோ மூவருக்கும் 16. அந்த ஆண்டு ஜப்பானில் நடந்த உலகக் கோப்பைக் கைப்பந்துப் போட்டிக்கென்று பாடிய அந்தப் பாட்டில், புயல் என்று பொருள்படும் தங்கள் பெயரையே அவர்கள் அசை அசையாய் உடைத்துக் கூவுகிறார்கள். அந்தக் குரல்களில் இருப்பது நம் தம்பியின் பத்தாம் வகுப்புக் குரல்தான், கண்ணம்மா. கடைசித் தட்டின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது அதே ஐந்து தொண்டைகள் 35 வயதுக்கும் 38 வயதுக்கும் இடையில் இருக்கின்றன.

ஏற்கெனவே இருக்கும் பாட்டுகள் என்று அன்று சொன்னேனே, அங்கேதான் தவறிவிட்டேன். பாட்டுகள் உன்னிடம் இருந்தன. இந்த வரிசை இல்லை. தனித்தனி சிடிகளாக, நினைத்தபோது நினைத்ததை எடுத்துக் கேட்கும்போது ஒரு குரல் எப்போது உடைந்தது, எப்போது தடித்தது, ஐவரும் ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் இடம்விட்டுப் பாட எந்தக் காலத்தில் பழகினார்கள் என்பது காதில் விழுவதே இல்லை. சிங்கிள்களாக, அதாவது ஓரிரு பாட்டுகளோடு தனி சிடியாக, வந்தவற்றை வந்த காலவரிசையிலேயே வைத்து, நன்றாக ஓடியதையும் ஓடாததையும் ஒன்றுபோல் நிறுத்தியிருப்பதைத்தான் இந்தத் தொகுப்பின் நேர்மை என்று நினைக்கிறேன். 2004 வாக்கில் அவர்களுடைய சிங்கிள்கள் அதிகம் விற்காமல் இருந்தன என்று நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அந்த ஆண்டுப் பாட்டுகளும் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன. பிறகு 2007இல், மட்சுமோட்டோ நடித்த தொலைக்காட்சித் தொடருக்காக அவர்கள் பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. அதைக் கேட்டதும் நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாம் வகுப்பில் படித்த நீ, சிவப்புப் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்காமலே, கதவருகில் நின்று செருப்பைக் கழற்றியபடி பாடியது அந்தப் பாட்டைத்தான். அது எந்தப் பாட்டு என்று இத்தனை நாளும் எனக்குத் தெரியாது.

2000ஆம் ஆண்டில் வந்த ஒரு பாட்டின் தலைப்பை அகராதி வைத்துப் படித்து மகிழ்ந்தேன். மனம் நிறைந்து நன்றி சொல்லும்போது நன்றியும் பூரிப்பும் மழையாகவும் ஆலங்கட்டியாகவும் கொட்டுகின்றன என்று சொல்லும் வழக்கு ஜப்பானியர்களிடம் இருக்கிறது. அதில் ஆலங்கட்டியைக் குறிக்கும் அராரே என்ற சொல்லை எடுத்துவிட்டு அராஷி என்று வைத்திருக்கிறார்கள். ஓரெழுத்து மாற்றத்தில் வாழ்த்தும் பெயரும் ஒன்றாகிவிட்டன. சிலேடைக்கு மயங்காத தமிழ் மனம் உண்டா? உன் தாத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டு ஒருநாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ரசித்திருப்பார்.

தம்பி நான்காம் வகுப்பில் படித்த 2013இல், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் பள்ளி இசைப் போட்டியின் தொடக்கப்பள்ளிப் பிரிவுக்குக் குறிக்கப்பட்டிருந்த, ஊர் நினைவைப் பாடும் அந்தப் பாட்டையும் இந்த நான்கு தட்டுகளிலும் தேடினேன். அதுவும் அராஷியின் பாட்டுதானே என்று தம்பியைக் கேட்டேன். ஆமாம், ஆனால் அது சிங்கிளாக வராதது, அதனால்தான் இதில் இல்லை என்றான். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஊரை விட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கு அவர்கள் பாடியவற்றுள் அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்தத் தொகுப்பு வெளிவந்த முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றதும், 2019இல் உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இதுதான் என்று அடுத்த ஆண்டில் பன்னாட்டு இசைத்தட்டுத் தொழில் கூட்டமைப்பு அறிவித்ததும், 33 லட்சம் பிரதிகளோடு இது முதலிடத்தில் நிற்க, டெய்லர் ஸ்விப்டின் ஆல்பம் 32 லட்சத்தோடு அடுத்த இடத்தில் நின்றதும் உனக்குத் தெரியும். ஒரே பாட்டுகளை மூன்று பெட்டிகளில் போட்டுப் பிள்ளைகளை மூன்றையும் வாங்கவைப்பது நல்ல வியாபாரம் அல்ல என்பதில் என் எண்ணம் இன்றும் மாறவில்லை. அந்த எண்ணிக்கையில் உன்னுடைய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கோபத்தை அப்படி விற்றவர்கள்மேல் வைத்திருக்க வேண்டும். வாங்கி வந்த உன்மேல் கொட்டியது தவறு. இதை மனதார எழுதுகிறேன்.

அந்த ஜனவரியில் நடந்ததையும் நான் அப்போது சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. 2019 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை மாலையில், ரசிகர் மன்றத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு முதலில் காணொளியாக அந்தச் செய்தி வந்தது. 2020 டிசம்பர் 31உடன் குழுவாக இயங்குவதை நிறுத்திவைக்கிறோம் என்று ஐவரும் சேர்ந்து நின்று சொன்னார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் மூடிவிட்டு, கட்டுகள் இல்லாமல் வாழ்ந்து பார்க்க விரும்புவதாக ஓனோ 2017இலேயே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஐவரில் ஒருவர் குறைந்தாலும் அது அராஷி அல்ல என்று பல முறை பேசி முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இது பொறுப்பில்லாத செயல் ஆகாதா என்று அன்றிரவு செய்தியாளர் ஒருவர் கேட்டதற்கு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நன்றியைச் சொல்லப்போகிறோம், அதுதான் எங்கள் நாணயம் என்ற பொருளில் சகுராய் பொறுமையாக விடை சொன்னார். நீ அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். யாரோ ஐந்து பேருக்காக இத்தனை அழுகையா என்று நினைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உலை வைத்தேன். ஜூனில் வந்த இந்தத் தொகுப்பு அந்த இரண்டு ஆண்டு நன்றியின் ஒரு பங்கு என்பதும், ஐந்து பெரிய அரங்குகளில் 50 நிகழ்ச்சிகளாக நடந்த சுற்றுப்பயணத்துக்கு நீ ஒவ்வொரு குலுக்கலிலும் பெயர் கொடுத்து ஒன்றிலும் இடம் கிடைக்காமல் போனதால், கைக்கு எட்டிய பங்கு உனக்கு இது ஒன்றுதான் என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு பெருந்தொற்று வந்தது. 2020இன் கடைசி இரவில் ஆளில்லாத டோக்கியோ டோம் அரங்கில் நின்று அவர்கள் பாடியதை, இணையவழியாக உன் மடிக்கணினியில் கடைசிவரை பார்த்தாய். அன்றாவது நான் உன் பக்கத்தில் இருந்தேன்.

நீ ஏன் இவற்றை விற்கச் சொன்னாய் என்பதை நான் ஓரளவு அறிவேன். அவர்களை வளர்த்த நிறுவனத்தை உருவாக்கியவர் பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிவந்ததை, அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 செப்டம்பரில் அந்த நிறுவனமே செய்தியாளர்கள் முன் ஒப்புக்கொண்டது. அந்த வாரம் நீ தொலைபேசியில், இனி அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு எதை நினைப்பதென்று தெரியவில்லை அம்மா என்று சொன்னாய். இந்தத் தொகுப்பு வந்து இரண்டு வாரத்துக்குள் அவர் இறந்தபோது நாடே அவரைப் புகழ்ந்ததை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. துன்பப்பட்ட பிள்ளைகளின் பேச்சை அத்தனை காலம் கேளாமல் இருந்தது பெரியவர்களின் குற்றம். இருபது வயதில் பாட்டு கேட்ட உன்னிடம் அதில் பங்கு இல்லை. அந்த ஐவரும் 2024இல் தங்களுக்கென்று தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருப்பதாகவும், வரும் 2026 வசந்தத்தில் ஒரு சுற்றுப்பயணம் செய்துவிட்டு முழுதாக விடைபெறப்போவதாகவும் படித்தேன். அதற்கு நீ பெயர் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உன் மனம். இந்தக் கடிதத்தை நான் அதற்காக எழுதவில்லை.

எழுதுவது அந்தச் சிறு புத்தகத்துக்காக. கடைசித் தட்டில் கடைசியாக இருக்கும் பாட்டு ஒன்றுதான் இந்தத் தொகுப்புக்கென்று புதிதாக எழுதப்பட்டது. ஐந்து பேரும் இருபது ஆண்டுகளும் என்று பெருக்கல் குறி போட்டு அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2009இல் பத்தாம் ஆண்டுத் தொகுப்பு வந்தபோதும் இதேபோல் ஐந்தையும் பத்தையும் பெருக்கிப் பெயர் வைத்து ஒரு பாட்டு செய்தார்கள், இரண்டுக்கும் சொற்கள் அந்த ஐவருடையவை. கூட்டல் குறி போட்டிருந்தால் 25தான் வரும், பெருக்கல் போட்டதால் நூறு என்றார் அப்பா. அதன் வரிகள் இருக்கும் பக்கத்தைப் புரட்டியபோது, காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்து ஒவ்வொன்றின் தலைமேலும் பென்சிலால், எறும்பு ஊர்ந்ததுபோல் சின்னச் சின்னதாக, ஒலியை அப்படியே காட்டும் எளிய எழுத்தான ஹிராகனாவில் உச்சரிப்பு எழுதியிருப்பதைக் கண்டேன். உன் கையெழுத்து. இந்த ஊர்ப் பள்ளியில் படித்த உனக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. அப்பா மடமடவென்று படித்துவிடுவார். நம் வீட்டில் ஹிராகனாவோடு நின்றுவிட்டவள் நான் ஒருத்திதான்.

முதல் பத்தி முடியும்வரை எழுதியிருந்தாய். இரண்டாம் பத்தியில் இரண்டு வரி. மூன்றாம் வரியில் ஓர் எழுத்தின்மேல் பாதி கோடு இழுத்து அப்படியே நின்றிருந்தது. அந்த இடத்தில்தான் நான் வந்து அப்படிப் பேசியிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு, கண்ணம்மா. அன்று நீ என்னோடு சேர்ந்து பாட நினைத்தாயா, பொருள் சொல்லித்தர நினைத்தாயா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நானே அதைக் கெடுத்துவிட்டேன்.

முதல் பதிப்புப் பெட்டிகள் இரண்டையும் நீ சொன்னபடி கடையில் கொடுத்துவிட்டேன். ரசீதை அப்பா வைத்திருக்கிறார், பணம் உன் கணக்குக்கு வரும். சாதாரணப் பதிப்பை மட்டும் கொடுக்கவில்லை. அதன் நான்கு தட்டுகளையும் இங்கேயே வைத்துக்கொண்டு, சிறு புத்தகத்தை மட்டும் இந்தக் கடிதத்தோடு டொராண்டோவுக்கு அனுப்புகிறேன். நீ விட்ட இடத்திலிருந்து கடைசி வரிவரைக்கும் காஞ்சியின்மேல் ஹிராகனாவை நானே எழுதியிருக்கிறேன். அகராதியைப் பார்த்து எழுத மூன்று மாலைகள் ஆயின. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு காட்டிய இடங்களில் ரேடியோவில் அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதால் கேட்டுத் தீர்மானித்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு இடங்களில் எனக்கு நிச்சயமில்லை, அவற்றின் கீழ்க் கோடு போட்டிருக்கிறேன். பார்த்துத் தவறிருந்தால் அழித்துத் திருத்தி அனுப்பு. நானும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா