திருப்பணி நிறைவு அறிக்கை: விமானத்துக்குச் சுண்ணாம்பு, கூடத்துக்குச் சிமென்ட் ஏன்?

சிவமயம்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சிவன் கோயில் விமானத் திருப்பணியும் அன்னதானக் கூட வேலையும் முடிந்து, மகா கும்பாபிஷேகம் இறையருளால் இனிதே நடந்தேறியது. தணிக்கையான வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பொதுக்குழுவில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறோம். விமானத்துக்குச் சிமென்ட் போட்டிருந்தால் பாதி நாளில் முடிந்திருக்குமே என்றார்கள் பெரியவர்கள். சுண்ணாம்புதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றால் கூடத்துக்கு ஏன் கான்கிரீட் என்றார்கள் இளைஞர்கள். எப்படிச் சுற்றினாலும் இரண்டும் கரியமில வாயுவில் வந்துதான் நிற்கின்றன.

சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சிமென்ட்டுக்கும் அதே கல்தான். களிமண் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டுக் கிளிங்கர் என்னும் கட்டிகளாக்கி, அதை அரைத்துச் சிமென்ட் ஆக்குகிறார்கள். அரியலூர்ப் பக்கச் சுரங்கங்களில் கடல் உயிர்களின் படிமங்கள் கிடைப்பது தெரிந்ததே. அங்கே கடல் கிடந்த காலத்தில் கல்லுக்குள் அடைபட்ட வாயு இன்று சூளையில் ஒரு பொழுதில் வெளியேறிவிடுகிறது. சிமென்ட் தயாரிப்பில் வெளியாகும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் கல் விடுவது, மீதிதான் எரிபொருளுடையது. ஆகவே சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லின் பங்கு குறையாது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் கணக்கில் வருகிறது.

விமானத்துக்கான சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் புளிக்கவைத்த நீர் விட்டுக் குழைத்தார்கள். அந்த வாடை தேரடி வரை வந்தது. பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு நன்றி. காரை இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. கல் விட்டதில் பெரும்பகுதி இப்படி ஆண்டுகள் போகப் போகத் திரும்பிவிடும். சூளையில் எரித்ததன் புகை திரும்பாது. எனவே சுண்ணாம்புக்குப் பாவமே இல்லை என்று குழு சொல்லவில்லை. வாயு உள்ளே இறங்கக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். அதனால்தான் ஸ்தபதியார் மெல்லிசு மெல்லிசாகப் பூசி, இடையில் நாள் விட்டு, ஈரச் சாக்கு கட்டி வைத்தார். தாமதம் என்று முணுமுணுத்த நாட்கள் அவைதான். முந்தைய திருப்பணியில் சுதை மேல் பூசிய சிமென்ட், உள் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, தட்டினால் கையோடு வந்தது.

கான்கிரீட்டும் இந்த வாயுவை உறிஞ்சத்தான் செய்கிறது. 1930 முதல் 2013 வரை சிமென்ட்டுக்காகச் சுட்ட கல் விட்டதில் சுமார் 43 சதவீதம் கட்டடங்களுக்கும் இடிபாடுகளுக்கும் திரும்பிவிட்டது என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. எரிபொருள் புகை அதில் சேராது. இதைப் படித்த உறுப்பினர் ஒருவர், “அப்போ கான்கிரீட்டும் காரை மாதிரிதானே?” என்றார். கம்பி இல்லாத இடத்தில் அவர் சொல்வது ஓரளவு சரி.

கம்பி இருக்கும் இடத்தில் என்ன ஆகும் என்பதை மடப்பள்ளியின் பழைய சன்ஷேடை இடித்தபோது பார்த்தோம். உடைத்த முகத்தில் பொறியாளர், காரம் இருக்கும் இடத்தில் மட்டும் சிவக்கும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்பக்கம் பீட்ரூட் சாறு போலச் சிவந்தது. வெளி ஓரம் ஒரு விரல் கனத்துக்கு நிறமே மாறவில்லை. துருவேறிய கம்பி அந்த மாறாத ஓரத்தில்தான் கிடந்தது. புதுக் கான்கிரீட்டின் காரம்தான் கம்பிக்குக் காவல். வாயு புகப் புகக் காரம் குறைந்து, கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. காரையை உறுதியாக்கும் அதே வாயு இங்கே ஆயுளைக் குறைக்கிறது.

கூடத்துக்கு நடுவில் தூண் வேண்டாம் என்று கேட்டது பொதுக்குழுதான். அவ்வளவு அகலத்துக்குக் கம்பி போட்ட கான்கிரீட் இல்லாமல் ஆகாது. 480 மூட்டை செலவானது. மூட்டைக்குச் சுமார் 30 கிலோ வீதம் ஏறக்குறைய 14 டன் வாயு நம் கணக்கில் சேர்ந்திருக்கிறது. கிளிங்கர் குறைவாக இருக்கட்டும் என்று சாம்பல் கலந்த பிபிசி (PPC) வகைச் சிமென்ட்டே வாங்கினோம். அதற்கு க்யூரிங் குறைந்தால் வாயு சீக்கிரம் புகும் என்பதால் 14 நாள் விடாமல் தண்ணீர் விட்டோம். தூண்களில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் நிற்கும்படி கவர் பிளாக் என்னும் இடைக்கட்டை வைத்தோம். வாயு இறங்கும் ஆழம் இரு மடங்காக நான்கு மடங்கு காலம் ஆகுமாம். கவர் பிளாக்குக்கு நாங்கள் மல்லுக்கு நின்ற காரணம் இதுதான். சன்ஷேடு இடிபாட்டைக் கம்பி நீக்கி உடைத்துத் தரை நிரப்பக் கொடுத்தோம். அது எவ்வளவு உறிஞ்சினாலும் லாபமே.

விமானத்துக்கு எமல்ஷன், எனாமல் எதுவும் அடிக்கக் கூடாது, காற்று அடைபட்டுப்போகும். வர்ண உபயம் செய்ய விரும்புவோர் சுண்ணாம்பு வர்ணமாகவே தரவும். குழியில் மீதமுள்ள நீற்றிய சுண்ணாம்பு மேலே தண்ணீர் நிற்கும்வரை காற்றுப் படாமல் ஆண்டுக்கணக்கில் கெடாது. பழுது பார்க்க அதுவே போதும். குழிச் சாவி மெய்க்காவலரிடம் உள்ளது. வாரம் ஒருமுறை தண்ணீர் விடும் பொறுப்பும் அவருடையது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்