பாம்ப்ளமூஸ் பூங்காவிடம் ஒரு வரி கேட்கிறேன்

மொரிசியசின் பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவைப் பராமரிக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

உங்கள் பூங்காவில் தாளிப்பனை இருக்கிறது. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் மரம். பார்ப்பவர்கள் அந்தப் பூவை நினைத்து வியப்பார்கள். எனக்கு அதன் ஓலைதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் முன்னோர் எழுத்தாணியால் கீறி ஏடு எழுதிய ஓலைகளில் அதுவும் ஒன்று.

கிராம்பையும் சாதிக்காயையும் கொண்டுவந்து அங்கே நட்ட பியேர் புவாவரை உலகம் அறியும். அறியட்டும், அது அவருக்கு உரியது. கரும்புக் காட்டில் உழைக்கக் கப்பலேறி வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. 1834 முதல் ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே போயிருந்தார்கள்.

அவர்கள் சுமந்து வந்த பெயர்கள் இன்னும் உங்கள் அடுப்படிகளில் இருக்கின்றன. முருங்கைக்கீரை, உங்கள் மக்கள் பேசும் கிரியோல் மொழியில் 'ப்ரெத் முரூம்'. கறிவேப்பிலை 'காரிபூலே'. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத வீட்டிலும் இந்தச் சொற்கள் புழங்குகின்றன. 'பிப்பங்காய்' என்று முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பூங்காவுக்குள் பழங்காலக் கரும்பாலையின் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறீர்கள். பக்கத்திலிருக்கும் போ பிளான் ஆலை 1999இல் நின்று, பின்னர் சர்க்கரை அருங்காட்சியகமானது. ஆலையைக் காட்டுகிற இடத்தில் அதற்குக் கரும்பு வெட்டிப் போட்டவர்களின் பேச்சும் கேட்க வேண்டாமா?

நான் கேட்பது ஒரு வரிதான். ஒவ்வொரு மரத்தின் பலகையிலும், அறிவியல் பெயருக்குக் கீழே, உழைத்தவர்கள் அதை அழைத்த பெயரையும் எழுதுங்கள். எங்களுக்கு முன்பே மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, 1835இல் விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் முதலில் வரட்டும். பிறகு போஜ்புரி, தமிழ், தெலுங்கு. உங்கள் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும்போது, மரத்தடியில் இருப்பதற்கு என்ன தடை?

பெயர்களைத் தொகுக்க ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களைக் கேளுங்கள். தாளிப்பனையிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்