ஆலயப் பணிக்குழுவின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பு உறுப்பினர்களே,

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். மாதாந்தக் கூட்டங்களும் திருவிழாக்காலத் தொண்டும் வழமைபோல் நடந்தன. கேட்டு வருவோருக்கு மட்டும் உதவுவதை விட்டு, கேட்குமுன் அவர்கள் வீட்டுப் படலைக்குப் போகத் தொடங்கியதே இவ்வாண்டின் மாற்றம். அதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

"ஏதும் தேவையெண்டால் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அநேகமாக எவரும் சொல்லமாட்டார்கள். கேட்க வெட்கம், எதைக் கேட்கலாம் என்பதும் தெரியாது. லூக்கா 10இல் வரும் சமாரியர், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினார், தன் விலங்கில் ஏற்றினார், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியக் காசு கொடுத்து மிகுதிச் செலவுக்கும் பொறுப்பேற்றார். நம்மவர்களும் இப்போது வேலையையும் நேரத்தையும் சொல்லியே கேட்கிறார்கள்: "மாமி, நாளைக்குக் காலம ஏழு மணிக்கு வாளியோட வாறம், கிணறு இறைக்கலாமா?" வேண்டாம் என்றால் மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும். உதவும் வீட்டில் படம் எடுப்பதில்லை.

மாரி வெள்ளத்துக்குப் பிந்திய கிணற்று வேலையில்தான் அவசரம் கெடுக்கிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி வெள்ளம் வடிந்தாலும், சுற்று நிலத்தில் தண்ணீர் நிற்கும்வரை இறைக்கக்கூடாது. அதே அழுக்குத் தண்ணீர் திரும்ப ஊறும். உள்ளே நீர்மட்டம் திடீரென இறங்கினால் கட்டும் இடியலாம். கடற்கரை மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலே ஏறியது. உப்பைக் கழுவியது பின்னர் பெய்த மாரி மழைதான். ஆகவே கடற்கரையோரக் கல்லடி, நாவலடிப் பக்கம் மெதுவாக இறைக்கவும். மணல் கலந்து வந்தால் உடனே நிறுத்தவும். பெற்றோல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு உள்ளே நிற்பவரின் உயிரைப் பறிக்கும்.

குளோரின் அளவைக் கைக்கணக்கில் போட வேண்டாம். 4 அடி விட்டமுள்ள கிணற்றில் 5 அடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 1,800 லீற்றர். 1,000 லீற்றருக்கு 70 வீதக் குளோரின் தூள் 50 கிராம். 35 வீதத் தூளானால் 100 கிராம். எனவே இந்தக் கிணற்றுக்கு முறையே 90 அல்லது 180 கிராம் தேவை. பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பி, பிறகு தூளைப் போட்டுக் கலக்கவும். தூளிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் மணம் போகுமட்டும் இறைக்கவும். ஈரம் பட்ட பழைய தூளுக்கு வீரியம் இராது. மலகூடக் குழி அருகில் இருந்தால் அழுக்கு மறுபடி சேரும். அந்த வீட்டார் தொடர்ந்து கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

தனித்திருக்கும் முதியோரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் மாலையே போய்க் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, மிச்ச மருந்துப் பைகள், கண்ணாடி ஆகியவற்றை ஒரு பையில் வைக்கவும். வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி பார்ப்பதானால் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, தேநீரும் கூடாது. இரத்தம் எடுத்ததும் சாப்பிடக் காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொண்டுபோகவும். வைத்தியரிடம் நோயாளியே பேசட்டும். கூடப்போனவர் முந்திப் பேசினால், நோயாளி குளிசையை அரைவாசியாக உடைத்துப் போடுவது போன்ற விடயங்கள் வெளிவராமல் போய்விடும்.

அடுத்த மாரிக்கு வாளி, கயிறு, தராசு, கையுறை ஆகியவற்றை ஒக்டோபருக்கு முன் சரிபார்த்து வைக்க வட்டாரத்துக்கு இருவர் தேவை. குளோரின் தூளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்துப் புதிதாகப் பெற வேண்டும். பெயர் தருபவர்கள் இன்று கூட்டம் முடியும்போது என்னிடம் தரவும். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

செயலாளர்